நல்ல நாளில் எழுதி வையுங்கள், கெட்ட நாளில் எடுத்துப் படியுங்கள்

ஆண்டவருக்குத் தினமும் நன்றி சொல்லப் பழக, முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். கோடு போட்ட எண்பது பக்க நோட்டு போதும். அழகான டைரி வேண்டாம். அதில் அழகாகத்தான் எழுத வேண்டும் என்று தோன்றும், அப்புறம் எழுதவே மாட்டோம். செல்போனில் எழுதினால் ஆகாதா என்று எங்கள் சபைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆகும். ஆனால் நான் கடலூர்க்காரி. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, கரண்ட் திரும்பி வர எங்கள் தெருவில் நாள்கணக்கில் ஆனது, சுற்றுக் கிராமங்களில் வாரக்கணக்கில் ஆனது. பழைய நன்றிகளை எடுத்துப் படிக்க வேண்டிய நாளில்தான் போனில் சார்ஜ் இருக்காது.

எழுதி முடித்த நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரண்மேல் வையுங்கள். 2015 வெள்ளத்தில் என் நோட்டு ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்து கூழாகிப் போனது. ஒரு வருடத்து எழுத்து அது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். பிறந்ததிலிருந்தே கோயிலுக்குப் போய், 'ஸ்தோத்திரம்' என்ற சொல் வெறும் வணக்கமாகத் தேய்ந்துபோனவர்களுக்கும் இது உதவும். நாங்கள் லுத்தரன் சபை. கத்தோலிக்க வீடுகளில் இதையே 'நன்றி' என்பார்கள். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்றும், பொது மொழிபெயர்ப்பில் "எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள்" என்றும் இருக்கிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம், ஐந்தாம் அதிகாரம், பதினெட்டாம் வசனம். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள், பிறகு அதற்குத் திரும்பி வருவோம்.

முதல் வாரம்: மூன்றே வரி

இரவு படுக்கப் போகுமுன் தேதி போட்டு மூன்று வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆளோ, ஒரு பொருளோ, ஒரு நேரமோ கட்டாயம் இருக்க வேண்டும். நான் வைத்திருக்கும் சட்டம் இது ஒன்றுதான்.

"சகல ஆசீர்வாதங்களுக்கும் ஸ்தோத்திரம்" என்று எழுதாதீர்கள். அது தப்பான ஜெபம் இல்லை, ஆனால் பழகுகிறவருக்கு அது உதவாது. நாக்கு அதை மனசைக் கேட்காமலே சொல்லிவிடும். அதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்: "காலை ஆறு மணிக்குப் பால்காரர் மழையில் நனைந்துகொண்டே வந்தார், பால் பாக்கெட்டைத் துடைத்துக் கொடுத்தார். அதற்காக உமக்கு நன்றி." அல்லது, "ரெட்டிச்சாவடியில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. தலைவலி கொஞ்சம் விட்டது."

நன்றி என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் நன்மை என்றுதான் பொருள். நடந்த நன்மை என்னவென்று தெரியாமல் நன்றி சொல்வது கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதுபோல. என்ன நடந்தது, யார் செய்தார், எப்போது என்று தேடிப் பிடிக்கும்போதுதான் கண் பழகுகிறது. முதல் இரண்டு நாள் மூன்று வரிக்கு விஷயமே கிடைக்காது. நான்காவது நாள் மத்தியானமே "இதை ராத்திரி எழுத வேண்டும்" என்று ஒன்று மனதில் ஒட்டிக்கொள்ளும். பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். வரியை ஆண்டவரிடம் பேசுவதாக எழுதுங்கள், 'உமக்கு', 'நீர்' என்று. 'நான் நன்றியோடு இருக்கிறேன்' என்று எழுதினால் அது நம் மனநிலையைப் பற்றிய குறிப்பு, அவ்வளவுதான். கிறிஸ்தவ நன்றிக்கு எதிரே ஒருவர் இருக்கிறார். சங்கீதம் 103-ல் தாவீது தன் ஆத்துமாவைப் பார்த்து, கர்த்தரை ஸ்தோத்திரி, "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறார். உபகாரம் செய்தவர் ஒருவர் இருப்பதால்தான் மறக்கக் கூடாது என்ற பேச்சே வருகிறது.

இது நான் கண்டுபிடித்த முறையில்லை. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் ஐந்நூறு வருடங்களுக்கு முன் கற்றுக்கொடுத்த அன்றாட ஆத்தும சோதனையில் முதல் படி, பெற்ற நன்மைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வதுதான். பாவத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு முன்னால்

இரண்டாவது வாரம் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு ஜெபம் ஏற்கெனவே நம் வீடுகளில் இருக்கிறது, அதனால் புதிதாக நேரம் ஒதுக்க வேண்டாம். தட்டில் இருக்கும் ஒரே ஒரு பொருளை எடுத்து, அது வந்த வழியைப் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

எங்கள் ஊரில் மீனில் தொடங்குவது எளிது. குழம்பில் இருக்கிற மத்தி எங்கிருந்து வந்தது? தேவனாம்பட்டினத்திலோ சிங்காரத்தோப்பிலோ ஒருவர் விடியுமுன் எழுந்து ஃபைபர் படகைத் தள்ளியிருக்கிறார். டீசல் யாரோ கடனாகக் கொடுத்திருப்பார்கள். கரைக்கு வந்ததும் ஏலம். அங்கிருந்து ஒரு அம்மா அன்னக்கூடையில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் ஏறி, நம் தெருமுனையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் வீட்டில் யாரோ செதில் உரசிக் கழுவியிருக்கிறார்கள். இவ்வளவு பேரையும் ஒரு நொடி நினைத்துவிட்டு "ஆண்டவரே, இவர்களுக்காகவும் இந்த மீனுக்காகவும் நன்றி" என்றால் போதும். அரை நிமிடம்கூட ஆகாது.

இப்படி நினைக்கப் பழகினால் நன்றி தட்டோடு நிற்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. முன்பெல்லாம் எனக்கு அது மீன் விலை ஏறும் காலம், அவ்வளவுதான். இப்போது அந்த அம்மா கூடையில்லாமல் எதிரே வரும்போது, அவர் வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்காமல் கடந்து போக முடிவதில்லை.

ஆட்களிடம் போய்ச் சொல்வது

பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். லூக்கா 17-ல் இருக்கிறது. இயேசு "மற்ற ஒன்பது பேர் எங்கே" என்றுதான் கேட்டார். அவர்களுக்கும் மனசுக்குள் நன்றி இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவர்கள் திரும்பி வரவில்லை, அதுதான் குறை.

வாரத்துக்கு ஒருமுறை, நோட்டில் பெயர் வந்த ஒருவரிடம் போய்ச் சொல்லுங்கள். இதில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வீடுகளில் அம்மாவிடமோ அண்ணனிடமோ யாரும் 'நன்றி' என்று சொல்வதில்லை. சொன்னால் அந்நியமாகப் போய்விடும். "என்னடி ஆச்சு உனக்கு, உடம்பு சரியில்லையா" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சொல்லைக் கட்டாயப்படுத்தாதீர்கள். செய்ததை அப்படியே எடுத்துச் சொல்லுங்கள்: "இந்த நெத்திலியை ஆய்ந்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகியிருக்குமே அம்மா." "நேற்று ராத்திரி நீங்கள்தான் வண்டியை உள்ளே எடுத்து வைத்தீர்களா அண்ணா, நான் மறந்தே போனேன்." பார்த்தேன் என்று சொல்வதே நம் வீட்டு நன்றி. வெளியாட்களிடம், அதாவது ஆட்டோக்காரர், துப்புரவுப் பணியாளர், ஆலய வேலைகளைக் கவனிக்கும் கோயில் குட்டி போன்றவர்களிடம் 'ரொம்ப நன்றி' என்று நேராகவே சொல்லலாம்.

கெட்ட நாளில்

இனி வருவதுதான் முக்கியம். நோட்டு வாங்கியதே இதற்காகத்தான்.

முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். "எல்லாவற்றிலேயும்" என்று இருக்கிறது. புற்றுநோய்க்காக, விபத்துக்காக, பிள்ளையின் சாவுக்காக நன்றி சொல் என்று அதற்கு அர்த்தமில்லை, அவற்றின் நடுவில் இருந்துகொண்டு சொல் என்றுதான் அர்த்தம். எபேசியர் 5:20-ல் "எல்லாவற்றிற்காகவும்" என்றே வருகிறதே என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். என் பதில் இது. தீமையைத் தீமை என்று சொல்லும் அதே வேதத்தில்தான் அந்த வசனமும் இருக்கிறது. லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு முதலில் கண்ணீர் விட்டார். யோவான் 11-ல் 35-ஆம் வசனம். "பிதாவே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று சொன்னது 41-ஆம் வசனத்தில். நடுவில் இருக்கிற அந்த வசனங்களைத் தாண்டிக் குதிக்க யாரும் உங்களை வற்புறுத்த வேண்டாம், நீங்களும் உங்களை வற்புறுத்த வேண்டாம்.

ஆகவே கெட்ட நாளின் முதல் வேலை அழுவது. சங்கீதம் 13-ஐ எடுத்துச் சத்தமாகப் படியுங்கள். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும், ஆறே வசனம், பாட்டில் முடியும். ஆறாவது வசனம் அன்றைக்கு வாயில் வரவில்லையென்றால் 88-ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். அது கடைசிவரை புலம்பல்தான், முடிவில்கூட ஒரு துதி வார்த்தை கிடையாது. அப்படி ஒரு ஜெபத்தையும் கடவுள் தன் புத்தகத்தில் வைத்திருக்கிறார் என்பதே எனக்குப் பல இரவுகளில் ஆறுதலாக இருந்திருக்கிறது.

இரண்டாவது, தேதியை மட்டும் எழுதுங்கள். வேறு ஒன்றும் வரவில்லையென்றால் பரவாயில்லை. பொய் எழுதாதீர்கள். ஆண்டவரிடம் பொய் நன்றி சொல்வதைவிட வெறும் தேதி மேல்.

என் அப்பாவை வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்காகப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போன காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். உள்ளே விடமாட்டார்கள். ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். நீ எந்தச் சபை என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கண்ணாடி ஜன்னல்களின் வண்ணம் வெயில் நகர நகரத் தரையில் நகரும், அதைப் பார்த்துக்கொண்டே அந்த மாதங்களின் வரிகளை எழுதினேன். "கண்டக்டர் அப்பாவுக்கு முன்சீட்டை ஒழித்துக் கொடுத்தார்." "இன்று ஊசி ஒரே தடவையில் ஏறியது." "திரும்பி வரும்போது அப்பா அரைத் தூக்கத்தில் பழைய கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தார்."

அப்பா போன பிறகு பதினொரு பக்கத்தில் வெறும் தேதிதான். துக்கம் கேட்க வந்த ஒருவர் "சகலமும் நன்மைக்குத்தானம்மா, ஸ்தோத்திரம் சொல்லு" என்றார். வசனம் உண்மைதான். ஆனால் அன்றைக்கு அது எனக்குக் கல்லாக விழுந்தது. பன்னிரண்டாவது நாள் எதிர்வீட்டு மாமி மிளகு ரசம் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டுப் போனார். அன்று எழுதினேன்: "ரசம். சூடாக இருந்தது. உமக்கு நன்றி." அதற்குப் பின்தான் பழைய பக்கங்களைத் திறந்தேன். கண்டக்டர், ஊசி, கீர்த்தனை, எல்லாம் அங்கே இருந்தன. அந்த மாதங்களில் எங்களை யாரும் கைவிட்டிருக்கவில்லை என்பதை என் கையெழுத்திலேயே படித்தேன்.

மூன்றாவது வேலை அதுதான்: பழைய பக்கங்களைப் படியுங்கள். பின்னால் இருந்து முன்னால் போங்கள். பத்துப் பக்கம் போதும். அதன் பிறகு ஒரு வரி வந்தால் எழுதுங்கள். மூன்று வேண்டாம், ஒன்றே போதும்.

ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போதே நன்றி சொல்வது எப்படி என்பதற்கு, கடற்கரையில் இருக்கிற நமக்கு அப்போஸ்தலர் 27-ஐவிட நல்ல பாடம் கிடையாது. பதினாலாம் இரவு, புயல், கப்பலில் 276 பேர், பயத்தில் யாரும் சாப்பிடவில்லை. பவுல் அப்பத்தை எடுத்து எல்லாருக்கும் முன்பாகக் கடவுளுக்கு நன்றி சொல்லிப் பிட்டுச் சாப்பிடுகிறார். இன்னும் யாரும் கரை சேரவில்லை. அடுத்த வசனங்களைப் பாருங்கள்: எல்லாரும் தைரியப்பட்டுச் சாப்பிடுகிறார்கள், பிறகு கோதுமையைக் கடலில் எறிந்து கப்பலின் பாரத்தைக் குறைக்கிறார்கள். நன்றி சொன்ன கையோடு வேலை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது, ஆற்றுப் பக்கம் இருக்கும் என் தங்கை வீட்டில் நாங்கள் மாடியில் ஏறி உட்கார்ந்தோம். ஒரு பாக்கெட் ரொட்டி இருந்தது. தங்கை வீட்டுக்காரர் அதைப் பிரித்து, "ஆண்டவரே, இந்த ரொட்டிக்கு நன்றி" என்றார். வேறு எதையும் சேர்க்கவில்லை. தின்றோம், கீழே இறங்கி அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் மேலே தூக்கினோம். அவ்வளவு குறுகிய, அவ்வளவு உண்மையான ஜெபத்தை நான் கேட்டதில்லை.

செய்யக் கூடாதவை

ஒப்பிட்டு நன்றி சொல்லாதீர்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நாங்கள் ஆராதனையில் இருந்தபோது சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வாரங்களில் எத்தனையோ சாட்சிகள் கேட்டேன்: "அன்றைக்கு நான் கடற்கரைக்குப் போகவில்லை, கர்த்தர் என்னைக் காப்பாற்றினார்." உள்ளத்திலிருந்து வந்த சாட்சிகள்தான். ஆனால் அதே பெஞ்சில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் உட்கார்ந்திருந்தால், அவர் காதில் அது என்னவாக விழும்? லூக்கா 18-ல் பரிசேயனும் ஸ்தோத்திரம்தான் செய்தான், "மற்ற மனுஷரைப்போல" இல்லாததற்காக. தப்பித்ததற்கான நன்றியை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள். வெளியே வந்து, இழந்தவருக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டு போங்கள்.

நன்றியை வாய்ப்பூட்டாக்காதீர்கள். அடிக்கிற கணவனோடு "பொறுத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், 181-ஐ அழைக்கலாம், அது பெண்களுக்கான உதவி எண். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாக வேண்டும்போல இருக்கிறது என்றால் நோட்டு அதற்கு மருந்தில்லை. மனநல மருத்துவரிடம் போங்கள், அல்லது உடனே 14416-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். மருத்துவரும் நன்றி சொல்ல வேண்டிய ஒரு வரிதான்.

நாள் விட்டுப்போனால் பழையதை நிரப்பாதீர்கள். இன்றைய தேதியைப் போட்டுத் தொடருங்கள்.

பிள்ளைகளோடும், ஆண்டு முடிவிலும்

குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒன்று சொல்லட்டும். பிள்ளை "டீச்சர் இன்றைக்கு வரவில்லை, அதற்கு நன்றி" என்று சொன்னாலும் திருத்தாதீர்கள். உண்மையைச் சொல்லியிருக்கிறது, அதுவே நல்ல தொடக்கம்.

அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோகும் பூசணியும் முருங்கைக்காயும் யார் வளர்த்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். தானேயில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்த பிறகு, அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்ற ஆபகூக்கின் வசனம் எங்களுக்கு வேறு மாதிரி கேட்கிறது. அத்தி என்ற இடத்தில் எங்கள் மனசு முந்திரியை வைத்துவிடுகிறது. ஒரு முந்திரித் தோப்பு மறுபடி பலன் தர எத்தனை வருடம் ஆகும் என்று இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும்.

டிசம்பர் 31 மாலை, இரவு ஆராதனைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வருடத்து நோட்டை முழுக்கப் படியுங்கள். வெறும் தேதிப் பக்கங்களையும் தள்ளாதீர்கள், அங்கே கொஞ்சம் நின்று போங்கள். படித்துக்கொண்டே பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்தோத்திர காணிக்கைக் கவருக்குள் பணத்தோடு அந்தத் தாளையும் மடித்து வைக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சாமுவேல் கல்லை நிறுத்திச் சொன்னதை எழுதுங்கள்: "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்." தொடங்கிய தேதியையும் முடித்த தேதியையும் அட்டையில் போட்டு, கவரில் வைத்து, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கிப் பரணுக்கு அனுப்புங்கள். ஆராதனை முடிந்து நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பும்போது தூக்கம் கண்ணைச் சுழற்றும். புது நோட்டில் தேதி மட்டும் போட்டுவிட்டுப் படுங்கள், மற்றதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.